ஊரு வெளிய பரவிக்கிட்டே போறத கலைஞர்கள் எப்படி படமாக்கினாங்க? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சப்அர்பன் ஸ்ப்ரால்னா என்ன, ஊரு பெருசாகறது தானே?

ஊரு பெருசாகறது வேற, இது வேற. ஊரு மேல வளரலாம், உள்ளுக்குள்ளயே நெருக்கமாகலாம். ஸ்ப்ரால்னா நகரத்துக்கு வெளிய இருக்கிற வயலு, மேய்ச்சல் நிலம், பழத்தோட்டம் எல்லாம் லேஅவுட்டா மாறி, ஒரே அச்சுல வார்த்த தனி வீடுங்க, அகலமான ரோடு, பெரிய பெரிய பார்க்கிங், பெட்டி பெட்டியா கடைங்கன்னு அடர்த்தியே இல்லாம பரவிக்கிட்டே போறது, கார் இல்லாதவங்க அங்க எதுக்குமே வெளிய போக முடியாதுங்கற அளவுக்கு.

இத வரையறதுல, போட்டோ எடுக்கறதுல அப்படி என்ன கஷ்டம்?

ஒரு கோட்டையயோ மலையயோ வரையணும்னா எங்க நிக்கணும்னு கண்ணுக்கே தெரியும். இதுக்கு நடுவும் கிடையாது, ஓரமும் கிடையாது. கீழ நின்னு பாத்தா ஒரு சுவரும் கொஞ்சம் புல்தரையும் தான் தெரியும், ஏரோப்ளேன்ல ஏறி பாத்தா வெறும் டிசைனா ஆயிடும், வீட்டுக்குள்ள போனா மனுஷங்க தெரிவாங்க ஆனா பரவல் மறைஞ்சிடும். அதனால இந்த விஷயத்த கையில எடுத்த ஒவ்வொரு கலைஞரும் முதல்ல முடிவு பண்ண வேண்டியது எங்க நிக்கறதுங்கறது தான், நின்ன இடம் மாறினா சொல்ற சேதியே மாறிடுது. கீழ வர்ற எல்லா பதில்லயும் நான் இந்த ஒண்ண வச்சுத்தான் பாக்கறேன், வேற மாதிரியும் பாக்கலாம், ஆனா எனக்கு இதுதான் ரொம்ப உதவியா இருந்திருக்கு.

இது அமெரிக்காவுல 1950கள்ல ஆரம்பிச்ச விஷயம் தானே?

இல்லவே இல்ல. 1829லயே லண்டன்ல ஜார்ஜ் க்ரூக்ஷாங்க்னு ஒரு கேலிச்சித்திரக்காரர் ஒரு படம் போட்டார், தலைப்பு ஏறத்தாழ ‘லண்டன் ஊரை விட்டு வெளிய கிளம்புது, செங்கல் சாந்தோட படையெடுப்பு’ன்னு வரும். அத கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. ஒரு பக்கம் புகை மூட்டத்துல லண்டன், புதுசா எழும்பின வீட்டு வரிசை, செங்கல் சூளையில இருந்து பீரங்கி குண்டு மாதிரி செங்கல்லு சீறி பாயுது. கொத்தனாரோட மண்வெட்டி, சாந்துப்பலகை இதெல்லாம் சேர்ந்து கை கால் முளைச்ச சிப்பாயா அணிவகுத்து வருது. இன்னொரு பக்கம் வைக்கோல்போர், மரம், மாடு எல்லாம் உசுர கையில புடிச்சிக்கிட்டு ஓடுது, ஒரு மரம் அடிபட்டு சாயுது. அவரு குடியிருந்த இஸ்லிங்டன் பக்கம் வயல் வீடா மாறினத கண்ணால பாத்த கோவம் அது. கிட்டத்தட்ட 200 வருஷம் ஆச்சு, இன்னிக்கும் புது லேஅவுட் போடுற எந்த இடத்துக்கும் இந்த படம் அப்படியே பொருந்தும்.

அப்புறம் பிரான்ஸ். இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியம்னாலே, அதாவது மாறிக்கிட்டே இருக்கற வெளிச்சத்த புடிச்சு வரையற பாணின்னாலே, பூவும் தண்ணியும்னு நினைக்கறோம், ஆனா க்ளோட் மொனே 1871ல இருந்து 1878 வரைக்கும் குடியிருந்த அர்ஜான்த்தொய் பாரிஸ்ல இருந்து ரயில் புடிச்சா சீக்கிரமே போய் சேர்ற புறநகர். அவரு படத்துல படகு இருக்கும், பின்னாடி ரயில் பாலமும் ஃபேக்டரி சிம்னியும் இருக்கும், ரெண்டையும் ஒரே அன்போட வரைஞ்சார். ஜார்ஜ் சூராவோட 1884 ஓவியம் ‘அஸ்னியேர்ல குளிக்கறவங்க’ இருக்கே, அதுல ஆத்தங்கரையில உக்காந்திருக்கிற தொழிலாளிங்களுக்கு பின்னாடி தூரத்துல புகைபோக்கிங்க தெரியும். வான்கோ 1886ல பாரிஸ் வந்தப்புறம் நகரம் முடிஞ்சும் முடியாம இருக்கற அந்த விளிம்ப திரும்ப திரும்ப வரைஞ்சார், பாதி வயல் பாதி வீடு, நடுவுல ஒரு ஒத்தையடிப்பாதை.

அப்ப 1950கள்ல என்ன புதுசா நடந்துச்சு?

அளவும் வேகமும். அமெரிக்காவுல ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு திரும்பின சிப்பாய்களுக்கு 1944 சட்டம் மூலமா சுலபமான வீட்டுக்கடன், அரசாங்க உத்தரவாதம், அப்புறம் 1956ல நாடு முழுக்க பெரிய ஹைவே போடுற சட்டம், இதெல்லாம் சேர்ந்து வீடு கட்டறத ஃபேக்டரி வேலையா மாத்திடுச்சு. நியூயார்க் பக்கத்துல லாங் ஐலண்ட்ல லெவிட்டவுன் 1947ல ஆரம்பிச்சு 1951க்குள்ள 17,447 வீடு. கலிஃபோர்னியாவுல லேக்வுட்ல சுமார் 17,500.

அந்த லேக்வுட்ட 1950ல வானத்துல இருந்து படம் புடிச்சவர் வில்லியம் கார்னெட். வேலைக்கு வச்சது வீடு கட்டின கம்பெனி தான், நாங்க எவ்ளோ வேகமா கட்டறோம்னு காட்டத்தான். மண்ண சமப்படுத்தறது, பள்ளம் வெட்டறது, அஸ்திவாரம், மரச்சட்டம் நிக்கறது, பூச்சு வேலையும் கூரையும், முடிஞ்ச வீடுன்னு கட்டம் கட்டமா எடுத்தார், சாய்ஞ்ச வெயில்ல நிழல் நீளமா விழற மாதிரி, மரம்னு சொல்ல ஒண்ணு கூட இல்ல. அங்க நடக்கறது தனக்கு பிடிக்கலன்னு பிற்காலத்துல அவரே சொன்னார். விளம்பரத்துக்கு எடுத்த அதே படங்கள் அப்புறமா நிலத்த நாசம் பண்றத எதிர்த்து பேசறவங்க கையில சாட்சியா மாறிடுச்சு. ஒரு கோடு கூட மாத்தல, ஒரே நெகட்டிவ்! முன்னாடி சொன்ன ‘எங்க நிக்கறது’ங்கற கேள்வியில பாக்கறவங்க எங்க நிக்கறாங்கன்னும் சேர்த்துக்கணும்னு எனக்கு புரிய வச்சது இந்த படங்கள் தான்.

எட் ரூஷே பேரு அடிக்கடி வருதே, வெறும் பார்க்கிங் போட்டோ எடுத்ததுக்கா?

ஆமா, லாஸ் ஏஞ்சலஸ் கலைஞரான ரூஷே பேரு வர்றது அதுக்குத்தான், அது சின்ன விஷயமில்ல. 1963ல ‘இருபத்தாறு பெட்ரோல் பங்க்’னு ஒரு குட்டி புத்தகம் போட்டார், அவ்ளோதான், 26 பங்க்கோட போட்டோ, விளக்கம் கிடையாது. 1966ல ஓடற வண்டியில கேமராவ பொருத்தி அங்க சன்செட் ஸ்ட்ரிப்ங்கற ரோட்டோட ரெண்டு பக்க கட்டிடத்தையும் ஒண்ணு விடாம எடுத்து, விரிச்சா சுமார் 25 அடி நீளம் வர்ற மடிப்பு புத்தகமா போட்டார். 1967ல முப்பத்திநாலு பார்க்கிங் இடங்கள், ஆர்ட் அலானிஸ்னு ஒரு போட்டோகிராபர வச்சு ஞாயித்துக்கிழமை காலையில மேல இருந்து எடுக்க வச்சது, கார் பெரும்பாலும் இல்ல. கார் இல்லாததால கோடுங்க மட்டும் தெரியுது, கிட்ட பாத்தா ஒவ்வொரு கட்டத்துலயும் எண்ணெய் கறை, எந்த இடத்துல கறை அதிகமோ அங்கதான் எல்லாரும் விரும்பி வண்டிய போட்டிருக்காங்கன்னு படமே சொல்லிடுது. திட்டவும் இல்ல, புகழவும் இல்ல, ஒரு ஊரு எவ்ளோ நிலத்த காருக்கு எழுதி வச்சிருக்குன்னு மட்டும் காட்டிட்டு ஒதுங்கிக்கிறார்.

நியூ டோபோகிராஃபிக்ஸ்னா என்ன?

1975ல நியூயார்க் மாநிலம் ரோச்செஸ்டர்ல ஜார்ஜ் ஈஸ்ட்மன் ஹவுஸ்ல நடந்த போட்டோ கண்காட்சி, தொகுத்தவர் வில்லியம் ஜென்கின்ஸ். மனுஷன் மாத்தின நிலக்காட்சிங்கறது தான் விஷயம். ராபர்ட் ஆடம்ஸ், லூயிஸ் பால்ட்ஸ், ஜெர்மனியில இருந்து பெர்ன்ட் – ஹில்லா பெஹர் தம்பதி, ஜோ டீல், ஃப்ராங்க் கோல்கி, நிக்கோலஸ் நிக்சன், ஜான் ஷாட், ஸ்டீஃபன் ஷோர், ஹென்றி வெஸல்னு மொத்தம் 10 பேர், அதுல ஷோர் மட்டும் தான் கலர். அதுவரைக்கும் அமெரிக்க நிலக்காட்சி போட்டோன்னா ஆள் காலடி படாத மலை, அருவி, பிரமிப்பு. இவங்க அந்த மலைக்கு முதுக காட்டி நின்னு கீழ இருக்கற கேரவன் வீடு, கிடங்கு, பாதி கட்டின தெரு இதெல்லாம் எடுத்தாங்க. வந்தவங்க நிறைய பேருக்கு பிடிக்கல, இத தினம் பாக்கறோமே இத போய் ஏன் மாட்டி வச்சிருக்காங்கன்னு கேட்டாங்க. அந்த கேள்வி நியாயமானது தான், ஆனா தினம் பாத்தும் கவனிக்காம விட்டது எதுன்னு யோசிச்சா பதில் அதுலயே இருக்கு.

பால்ட்ஸ பத்தி ஒரு வார்த்தை. 1974ல அவர் கலிஃபோர்னியாவுல இர்வைன் பக்கத்து புது தொழிற்பேட்டைங்கள 51 படமா போட்டார். சுவர், ஷட்டர், சீரா வெட்டின செடி, அவ்ளோதான். உள்ள என்ன செய்யறாங்க, பொம்பளைங்க போடற காலுறையா இல்ல கோடிக்கணக்கானவங்கள கொல்ற ஆயுதமான்னு வெளிய இருந்து சொல்லவே முடியாதுங்கற அர்த்தத்துல அவர் சொன்னது ரொம்ப பிரபலம். அந்த படங்கள்ல ஒரு சொட்டு இரக்கம் கூட கிடையாது, எனக்கு அதிக நேரம் பாக்க முடியறதில்ல, ஆனா மறக்கவும் முடியறதில்ல.

இவங்கள்ல ஒருத்தர மட்டும் பாக்கணும்னா யார பாக்கலாம்?

ராபர்ட் ஆடம்ஸ். யோசிக்காம சொல்வேன். கொலராடோவுல இங்கிலீஷ் இலக்கியம் சொல்லிக்குடுத்த வாத்தியார், 1960கள்ல கேமராவ கையில எடுத்தார், மலையடிவாரத்துல டென்வர், கொலராடோ ஸ்ப்ரிங்ஸ் பக்கம் வீடுங்க பரவறத வருஷக்கணக்கா எடுத்து 1974ல ‘தி நியூ வெஸ்ட்’னு புத்தகம் போட்டார்.

1968ல கொலராடோ ஸ்ப்ரிங்ஸ்ல எடுத்த ஒரு படம் இருக்கு. மட்ட மத்தியானம், ஒரு சாதாரண லேஅவுட் வீட்டோட முகப்பு, முன்னாடி புல்தரை. முன் ஜன்னல் வழியா பாத்தா வீட்ட ஊடுருவி பின் ஜன்னல் வெளிச்சம் தெரியுது, அந்த வெளிச்சத்துக்கு நடுவுல ஒரு பெண்ணோட கருப்பு உருவம், தனியா. முகம் தெரியாது, என்ன பண்றாங்கன்னு தெரியாது. வீடு சுத்தமா இருக்கு, வெயில் அடிக்குது, எல்லாம் ஒழுங்கா இருக்கு, ஆனாலும் நெஞ்ச பிசையுது. இதுல அந்த பெண்ண பாத்து பரிதாபப்படுங்கன்னு படம் கெஞ்சல, வீட்ட பாத்து சிரிங்கன்னும் சொல்லல. ரோட்ல ஒரு ஆள் நடந்து போற உயரத்துல, ஒரு பக்கத்து வீட்டுக்காரர் பாக்கற தூரத்துல நின்னு எடுத்தது.

அவரோட நம்பிக்கை என்னன்னா நிலத்துக்கு நாம என்ன பண்ணியிருந்தாலும் அது மேல விழற வெளிச்சத்துல ஒரு அழகு விடாம ஒட்டிக்கிட்டு இருக்குங்கறது. அதனால தான் அவர் படத்துல கோவமும் பாசமும் ஒரே ஃப்ரேம்ல இருக்கு. வெறும் கோவத்துல எடுத்த படங்கள் நிறைய பாத்துட்டேன், ஒரு தடவைக்கு மேல பாக்க தோணாது. இவரோடத எத்தனை தடவ வேணா பாக்கலாம்.

நிறைய படத்துல ஆளே இல்லையே, அங்க குடியிருக்கறவங்க எங்க?

நல்ல கேள்வி, இதுதான் இந்த மொத்த வகைக்கும் இருக்கற பெரிய குறை. அதுக்கு பதில் மாதிரி வந்தது பில் ஓவென்ஸ் 1973ல போட்ட ‘சபர்பியா’. கலிஃபோர்னியாவுல லிவர்மோர்ங்கற ஊர்ல லோக்கல் பேப்பர் போட்டோகிராபர், அங்கயே குடியிருந்தவர். அக்கம்பக்கத்துக்காரங்கள, தெரிஞ்சவங்கள அவங்க சமையலறையில, ஹால்ல, கார் ஷெட்ல எடுத்து, படத்துக்கு கீழ அவங்க சொன்ன வார்த்தையவே போட்டார். அதுல ஒரு ஜோடி கிச்சன்ல குழந்தைக்கு ஊட்டிக்கிட்டே நாங்க சந்தோஷமா இருக்கோம், பிள்ளைங்க ஆரோக்கியமா இருக்காங்க, நல்லா சாப்பிடறோம், வீடும் நல்ல வீடுங்கற மாதிரி சொல்றாங்க. நிறைய பேர் இத கிண்டல்னு படிச்சாங்க. எனக்கு அப்படி தோணல. அவங்க சொன்னது நிஜம், வாடகை வீட்ல நெருக்கடியில கஷ்டப்பட்டவங்களுக்கு ஒரு சொந்த சுவரு கிடைக்கறது சின்ன விஷயமில்ல, ஓவென்ஸ் அத மதிச்சு கேட்டதால தான் அவங்க வாய திறந்தாங்க.

இதோட இன்னொண்ணையும் சேர்த்து பாக்கணும், யாரு உள்ள வரவே முடியாம போனாங்கங்கறது. லெவிட்டவுன் மாதிரி இடங்கள்ல ஆரம்பத்துல ஒப்பந்தத்துலயே வெள்ளைக்காரங்க இல்லாதவங்க குடியிருக்கக்கூடாதுன்னு ஷரத்து இருந்துச்சு. அந்த வேலி எந்த ஏரியல் போட்டோவுலயும் தெரியாது.

ஓவியர்கள் இத தொடவே இல்லையா?

தொட்டாங்க. ராபர்ட் பெக்டல் சான்ஃபிரான்சிஸ்கோ பக்கத்து தெருவையும் நிறுத்தின காரையும் போட்டோ மாதிரியே ஆயில்ல வரைஞ்சார், 1974ல வரைஞ்ச ‘அலமீடா கிரான் டொரினோ’ல ஒரு ஸ்டேஷன் வேகன் வீட்டுக்கு முன்னாடி நிக்குது, வேற ஒண்ணும் நடக்கல, ஆனா வெயிலோட சூடு தெரியும். டேவிட் ஹாக்னியோட 1967 நீச்சல்குளம், ‘எ பிகர் ஸ்ப்ளாஷ்’, எல்லாருக்கும் தெரியும். எரிக் ஃபிஷல் 1980கள்ல அதே நல்ல வீடுங்களுக்குள்ள மூடின கதவுக்கு பின்னாடி இருக்கற அசிங்கத்த வரைஞ்சார்.

ஆஸ்திரேலியாவ மட்டும் கொஞ்சம் நின்னு பாக்கணும். அங்க ஜான் ப்ராக் 1953லயே ‘தி நியூ ஹவுஸ்’னு புது வீட்ல நிக்கற ஒரு ஜோடிய வரைஞ்சார், எல்லாம் பளபளன்னு துடைச்சு வச்ச மாதிரி, கொஞ்சம் பயமுறுத்தற சுத்தம். அப்புறம் ஹோவர்ட் ஆர்க்லி மெல்போர்ன் செங்கல் வீடுங்கள ஏர்பிரஷ்ல கண்ண பறிக்கற பிங்க், மஞ்சள், பச்சைல தெளிச்சார், சுத்தி மங்கலான கருப்பு கோடு. 1999ல வெனிஸ் பியனாலேங்கற சர்வதேச கலைக் கண்காட்சியில அவர் படங்கள நாட்டு சார்பா காட்டினாங்க, அதே வருஷம் இறந்துட்டார். படிச்சவங்க இளக்காரமா பாத்த வீடுகள அவர் ஒரு திருவிழாவா மாத்தினார், அந்த வீட்ல வளர்ந்தவங்க அத பாத்து பெருமைப்பட்டாங்க. இங்கிலாந்துல ஜார்ஜ் ஷா, கோவன்ட்ரியில தான் வளர்ந்த டைல் ஹில் குடியிருப்ப பொம்மை விமானத்துக்கு அடிக்கற எனாமல் பெயிண்ட்ல வரையறார், மழை பெஞ்சு ஓஞ்ச தெரு, ஆளில்லாத கராஜ். 2011ல டர்னர் பரிசுங்கற பிரிட்டிஷ் கலைப் பரிசோட இறுதிப்பட்டியல்ல இருந்தார்.

படம், ஓவியம் தவிர வேற மாதிரி யாராவது பண்ணாங்களா?

டான் கிரஹாம் 1966 கடைசியில ஒரு கலைப் பத்திரிகையில ‘ஹோம்ஸ் ஃபார் அமெரிக்கா’ன்னு ஒரு கட்டுரை போட்டார், கட்டுரையே தான் கலைப்படைப்பு. வீட்டு மாடல் பேரு, கலரு பேரெல்லாம் பட்டியல் போட்டு, நாலு மாடல் நாலு கலர் வச்சு எட்டு வீட்டு வரிசைய 2,304 விதமா அடுக்கலாம்னு கணக்கு காட்டினார், ஆனா எல்லாமே ஒண்ணு போலத்தான் இருக்கும். நியூஜெர்ஸியில அவரே எடுத்த போட்டோவ விட்டுட்டு பத்திரிகை வாக்கர் எவன்ஸ் எடுத்த படத்த போட்டுடுச்சு.

கார்டன் மேட்டா-கிளார்க் 1974ல நியூஜெர்ஸி எங்கிள்வுட்ல இடிக்கப்போற ஒரு வீட்ட ரம்பத்தால நட்ட நடுவுல ரெண்டா அறுத்தார், ஒரு பாதியோட அஸ்திவாரத்த செதுக்கி லேசா சாய வச்சார், அந்த விரிசல் வழியா வெளிச்சம் படிக்கட்டு வரைக்கும் இறங்குது. குடும்பம் பத்திரமா இருக்கும்னு நம்பற பெட்டிய தொறந்து காட்டின மாதிரி. ஃப்ரிட்ஸ் ஹேக் 2005ல கேன்சஸ்ல ஆரம்பிச்சு வீட்டு முன்னாடி புல்தரைய கொத்திட்டு காய்கறி போட வச்சார், அது எனக்கு ரொம்ப பிடிச்ச பதில், ஏன்னா அங்க குடியிருக்கறவங்களே செஞ்சது.

ராத்திரி படங்கள் ஏன் இவ்ளோ பேமஸ்?

டாட் ஹைடோ 2001ல போட்ட ‘ஹவுஸ் ஹன்டிங்’ தான் பாதி காரணம். ராத்திரி, பனிமூட்டம், ரோட்ல நின்னு கேமரா ஷட்டர ரொம்ப நேரம் தொறந்து வச்சு எடுத்தது, ஒரே ஒரு ஜன்னல்ல லைட். கிரிகரி க்ரூட்சன் சினிமா மாதிரி பெரிய யூனிட், லைட்டு, செட்டு எல்லாம் வச்சு தெருவையே நாடக மேடையாக்கினார். க்ரூட்சன் படம் அசத்தும், ஆனா அதுல புறநகர்ங்கறது மர்மத்துக்கு ஒரு பின்னணி தான். ஹைடோவோடது அப்படியில்ல, உள்ள யாரோ முழிச்சிருக்காங்கங்கற ஒரு தகவல் மட்டும் இருக்கு, அதுவே போதுமா இருக்கு.

மேல இருந்து எடுத்த படம் ரொம்ப அழகா இருக்கே, அது ஏமாத்து வேலையா?

ஏமாத்துன்னு சொல்ல மாட்டேன். கிறிஸ்டோஃப் கீலன் ஹெலிகாப்டர்ல போய் எடுத்த சுழல் சுழலான லேஅவுட், எட்வர்ட் பர்டின்ஸ்கி வடக்கு லாஸ் வேகஸ் புறநகர எடுத்தது, இதெல்லாம் கீழ இருந்து புரியாத ஒண்ண புரிய வைக்குது. பாலைவனத்துல தண்ணி எங்க இருந்து வருதுன்னு அந்த பச்சைய பாத்தவுடனே கேக்க தோணும். ஆனா அந்த உயரத்துல யார் கடன் கட்டறாங்க, யார் வேலைக்கு எத்தனை மணி நேரம் போறாங்கன்னு தெரியாது, அழகுல மயங்கிட்டு அத கேக்க மறந்துடறோம். மேல இருந்து ஒரு படம் பாத்தா கீழ இருந்து ஒரு படமும் தேடி பாருங்க, அவ்ளோதான் நான் சொல்றது.

அமெரிக்கா, ஆஸ்திரேலியா தாண்டி யாரு?

ஜப்பான்ல தகாஷி ஹோம்மா 1998ல ‘டோக்கியோ சபர்பியா’ போட்டார், புது வீடுங்க, அதுல வளர்ற பசங்களோட உணர்ச்சி காட்டாத முகம். அதுக்கு கிமுரா இஹெய் பரிசுங்கற ஜப்பான் போட்டோ பரிசு கிடைச்சது.

ஆனா இப்ப இருக்கறதுல முக்கியமானது மெக்சிகோல இருந்து வந்ததுன்னு நினைக்கறேன். 2000ல விசென்ட்டே ஃபாக்ஸ் அதிபர் பதவிக்கு வந்தப்ப ஏழைங்களுக்கு 20 லட்சம் வீடுன்னு வாக்கு குடுத்தார், தனியார் கம்பெனிங்க ஊருக்கு ரொம்ப தூரத்துல மலிவு நிலத்துல தீப்பெட்டி வீடா கட்டித் தள்ளினாங்க. லிவியா கொரோனா பெஞ்சமின் அந்த முடிவே இல்லாத வரிசைங்களையும் அதுல குடியேறினவங்களையும் எடுத்தாங்க. மான்டெர்ரே நகரத்துல அலெஹாந்த்ரோ கார்த்தஹேனா ‘சபர்பியா மெக்சிகானா’ன்னு பல பகுதியா பண்ணார், வீடுங்க ஒரு பகுதி, வத்திப்போன ஆறுங்க ஒரு பகுதி, சுத்தி எல்லாம் கட்டிட்டு நகரத்துக்குள்ள காலியா விட்ட இடம் ஒரு பகுதி, மனுஷங்க ஒரு பகுதி. வீட்டையும் ஆத்தையும் ஒரே கதையில வச்சது தான் அவரோட பலம், தனித்தனியா காட்டியிருந்தா காரணம் புரிஞ்சிருக்காது.

அப்புறம் 2011, 2012ல ‘கார்பூலர்ஸ்’. ஹைவேக்கு மேல நடைபாலத்துல நின்னு, காலையில கட்டிட வேலைக்கு போற பிக்கப் வண்டிங்கள நேரா கீழ பாத்து எடுத்தார். வண்டிக்கு பின்னாடி திறந்த தொட்டியில ஆளுங்க படுத்து கிடக்காங்க, வாளி, ஏணி, சிமெண்ட் படிஞ்ச கயிறு, ஒருத்தர் பேப்பர் படிக்கறார், ரெண்டு பேர் ஒரே போர்வைக்குள்ள தூங்கறாங்க. சிலர் அண்ணாந்து பாக்கறாங்க, நேரா கேமராவ. புறநகர கட்டற கைங்க அதே தூரத்த தினம் படுத்துக்கிட்டே கடக்குது. மேல இருந்து எடுத்தாலும் மனுஷங்க முகம் தெரியற உயரம் ஒண்ணு இருக்குன்னு இவர் கண்டுபிடிச்சிருக்கார், மொத்தமே ஒரு நடைபாலம் உயரம் தான்.

இந்த படங்களால ஏதாவது மாறுச்சா?

ஒரு புல்டோசர் கூட நிக்கல. ஆனா 2008ல மினியாபொலிஸ் வாக்கர் ஆர்ட் சென்டர் புறநகர பத்தி ‘வர்ல்ட்ஸ் அவே’ன்னு பெரிய கண்காட்சி வச்சப்பவும், வீட்டுக்கடன் நெருக்கடிக்கு அப்புறம் 2012ல நியூயார்க்ல மோமா மியூசியம் ‘ஃபோர்க்ளோஸ்ட்’ னு வச்சப்பவும் ஓவியர், போட்டோகிராபர், கட்டிடக்கலைஞர், திட்டமிடறவங்கன்னு எல்லாரும் ஒரே சுவர பாத்து பேசினாங்க. அது போதாதுன்னு எனக்கும் தெரியும்.

புதுசா ஆரம்பிக்கறவங்க எந்த வரிசையில பாக்கலாம்?

முதல்ல க்ரூக்ஷாங்க், ஒரே படம், அஞ்சு நிமிஷம். அடுத்து கார்னெட்டோட லேக்வுட் வரிசை, கட்டம் கட்டமா. அதுக்கப்புறம் ஆடம்ஸ் புத்தகம் நிதானமா, ஓவென்ஸ பாக்கறப்ப படத்துக்கு கீழ இருக்கற வார்த்தைய விடாம படிங்க. கார்த்தஹேனாவ கடைசியா வைங்க. நெட்ல பாத்தா பெரிய ஸ்க்ரீன்ல பாருங்க, போன்ல பாத்தா பார்க்கிங்ல இருக்கற எண்ணெய் கறையும் தெரியாது, பிக்கப்ல படுத்திருக்கறவர் முகமும் தெரியாது.